கேசட் கேள்வி பதில்: பாட்டுப் போடும் முன் செட்டைச் சுத்தம் செய்யுங்கள்

கேசட், டூ-இன்-ஒன் (ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்த செட்), வாக்மேன் பற்றி மதுரை சுற்றுவட்டாரத்திலிருந்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

பரணில் கிடந்த அப்பாவின் டூ-இன்-ஒன்னை இறக்கி ஒரு கேசட்டைப் போட்டேன். அரை நிமிஷம் பாடியது. பிறகு குரல் இழுத்தது, நாடா உள்ளே சிக்கிக்கொண்டது. கேசட் போய்விட்டதா, செட் போய்விட்டதா? (மேலூர் வாசகர்)

கேசட்டின் மேல் பழி போடாதீர்கள். பெரும்பாலும் கோளாறு செட்டில்தான் இருக்கும். பாடும்போது நாடாவை இழுப்பது கேசட்டுக்குள் இருக்கும் சக்கரம் இல்லை. கேப்ஸ்டன் என்ற மெல்லிய இரும்புக் கம்பியும், அதன்மேல் அழுந்தி நிற்கும் ரப்பர் ரோலரும்தான் நொடிக்கு 4.76 செ.மீ. வீதம் நாடாவை நகர்த்துகின்றன. அப்படி வரும் நாடாவை வலப்பக்கச் சக்கரம் உடனுக்குடன் சுருட்டிக்கொள்ள வேண்டும். அதைச் சுழற்றும் பெல்ட் தொய்ந்துபோனால் சக்கரம் நின்றுவிடும், கேப்ஸ்டன் நிற்காது. போக இடமில்லாத நாடா ரோலரைச் சுற்றிக்கொள்ளும்.

சிக்கிய கேசட்டை வெடுக்கென்று பிடுங்கக் கூடாது. ஸ்டாப்பை அழுத்தி, பிளக்கைக் கழற்றிவிட்டு, ரோலரை விரலால் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே நாடாவை விடுவியுங்கள். மடிப்பு விழுந்த இடத்தை விரல்களுக்கிடையே நீவி, ஆறு பட்டை பென்சிலைச் சக்கரத்தில் கொடுத்துச் சுற்றுங்கள். மடிப்பு இருந்த இடத்தில் சத்தம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான்.

அடுத்தது சுத்தம். மொபைல் ரிப்பேர் கடைகளில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம் உள்ளதை வாங்குங்கள். சானிடைசர் வேண்டாம், அதிலுள்ள கிளிசரின், நாடாவிலிருந்து ஓசையைப் படிக்கும் ஹெட்டில் படிந்துவிடும். பட்ஸை நனைத்து முதலில் ஹெட்டைத் துடையுங்கள். பிறகு பிளே பட்டனை அழுத்திவிட்டு, சுழலும் கேப்ஸ்டன் மேல் பட்ஸை லேசாகப் பிடியுங்கள். ரோலர் பக்கமிருந்து பிடித்தால் பட்ஸை உள்ளே இழுத்துவிடும், எதிர்ப்பக்கமிருந்து பிடியுங்கள். காவி நிறத்தில் அழுக்கு வரும். பட்ஸ் வெள்ளையாகவே திரும்பும் வரை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். ரப்பர் ரோலருக்குச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். ரோலர் கண்ணாடி மாதிரி வழவழவென்று இறுகியிருந்தாலோ வெடித்திருந்தாலோ மாற்றிவிடுங்கள்.

கேசட் போடாமல் பிளே அழுத்தி, வலப்பக்க முளையை விரல் நுனியால் மெல்லப் பிடித்துப் பாருங்கள். விரலுக்கு எதிராக ஒரு சீரான இழுப்பு தெரிய வேண்டும். தொட்டதும் நின்றால் பெல்ட் மாற்ற வேண்டியதுதான்.

பெல்ட் வாங்குவதில்தான் பலருக்கும் தவறுகிறது. பழைய பெல்ட்டை அளந்து வாங்கினால் புதிதும் தொய்வாகத்தான் இருக்கும், ஏனென்றால் அது ஏற்கெனவே நீண்டுபோனது. பெல்ட் ஓடும் பாதையில் தையல் நூலைச் சுற்றி அளந்து, அதில் 5 முதல் 10 சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள். நூல் 220 மி.மீ. என்றால் பெல்ட்டின் சுற்றளவு 198 முதல் 209 மி.மீ. இருக்கலாம். கடையில் விட்டம் கேட்டால் 3.14ஆல் வகுங்கள்: சுமார் 63 முதல் 66.5 மி.மீ. இதைவிட இறுக்கமாகப் போட்டால் மோட்டார் திணறும், பாட்டு நடுங்கும். பழைய பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டியிருந்தால், புல்லியின் பள்ளத்தில் அது ஒரு துளிகூட மிஞ்சாமல் ஆல்கஹாலால் துடைத்த பிறகே புதிதைப் போடுங்கள். பழைய துணி உடுத்திக்கொண்டு செய்யுங்கள், அந்தக் கறை போகாது.

எல்லாம் முடிந்ததும் முதலில் போட வேண்டியது, போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு சினிமாப் பாட்டுக் கேசட். அந்தச் சினிமாக் கேசட் இரண்டு பக்கமும் ஒழுங்காக ஓடி முடித்த பிறகு மட்டுமே வீட்டார் குரல் பதிந்த கேசட்டைத் தொடுங்கள்.

பாட்டி பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் இரண்டு கேசட்டில் இருக்கின்றன. உள்ளே நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ஓட்டிப் பார்க்கலாமா? (சோழவந்தான் வாசகி)

ஓட்டாதீர்கள். அது பூஞ்சை. ஓட்டினால் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் கேசட்டுக்கும் பரவும். பூஞ்சை பசை மாதிரி நாடாவை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருந்தால் அறுந்தும் போகலாம்.

இரண்டையும் மற்ற கேசட்டுகளிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் ஒரு வாரம் வையுங்கள். வெயிலில் காயவைக்கக் கூடாது. சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் கூடு நெளிந்துவிடும், பிறகு சக்கரம் சுற்றாது.

காய்ந்த பிறகு திறந்தவெளியில், மாஸ்க் போட்டுக்கொண்டு பிரியுங்கள். கூட்டில் ஐந்து ஸ்க்ரூ இருந்தால் வேலை சுலபம். ஸ்க்ரூ பக்கம் மேலே இருக்கும்படி வைத்துக் கழற்றி, கேசட்டைத் தட்டையாகவே திருப்பிப் போட்டு மேல் மூடியைத் தூக்குங்கள். செங்குத்தாக நிறுத்தித் திறந்தால் எல்லாம் கொட்டிவிடும். திறந்ததும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேலும் கீழும் இரண்டு மெல்லிய ஷீட், மூலைகளில் இரண்டு சின்ன உருளை, நடுவில் தாமிர நிறப் பட்டையில் ஒட்டிய பஞ்சு, அதன் பின்னே ஒரு தகடு: எது எங்கே இருந்தது என்பது இரண்டு நிமிஷத்தில் மறந்துபோகும்.

இரண்டு சுருளையும் நாடாவோடு சேர்த்து அப்படியே தூக்கி, ஸ்க்ரூ உள்ள வேறொரு நல்ல கேசட்டின் கூட்டுக்கு மாற்றுங்கள். சுருளின் ஓரத்திலிருக்கும் பூஞ்சையை மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். பிறகு கூட்டின் வாய்ப்பக்கம் நாடாவின் மேல் நூல் பிரியாத துணியை லேசாக வைத்துக்கொண்டு, பென்சிலால் முழுவதும் ஒருமுறை சுற்றுங்கள். துணியை அடிக்கடி இடம் மாற்ற வேண்டும். எங்காவது பிடித்தால் இழுக்காமல் நிறுத்தி, சுருளைச் சற்றுப் பின்னே சுற்றித் தளர்த்திவிட்டுத் தொடருங்கள். ஸ்க்ரூ இல்லாமல் ஒட்டிய கூடு என்றால், இணைப்புக் கோட்டில் பிளேடை மெல்ல ஓட்டித் திறக்க வேண்டும். இதையும் முதலில் வேண்டாத கேசட் ஒன்றில் செய்து பழகுங்கள்.

சத்தம் திடீரென்று மூக்கடைத்த மாதிரி ஆகிவிட்டது. அதே செட்டில் மற்ற கேசட்டுகள் நன்றாகப் பாடுகின்றன. (உசிலம்பட்டி வாசகர்)

கேசட்டின் வாயைப் பாருங்கள். நடுவிலிருக்கும் பஞ்சு விழுந்திருக்கும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். இல்லாவிட்டால் முதலில் போவது கூர்மையான ஓசைகள். பழைய பசையைச் சுரண்டிவிட்டு, வேறொரு கேசட்டின் பஞ்சைப் பட்டையோடு எடுத்து மாட்டுங்கள். புதிதாக ஒட்டினால் பசை பஞ்சுக்குள் ஊறக் கூடாது.

அறுந்த நாடாவை செல்லோடேப்பால் ஒட்டலாமா? (திருமங்கலம் வாசகர்)

வேண்டாம். மதுரைச் சூட்டில் செல்லோடேப்பின் பசை ஓரத்தில் கசிந்து, அடுத்த சுற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஒட்டுவதற்கென்றே உள்ள ஸ்ப்ளைசிங் டேப், கேசட் அளவில், ஆன்லைனில் கிடைக்கிறது.

இரண்டு முனைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஒரே வெட்டில் சாய்வாக வெட்டுங்கள். அப்போதுதான் இடைவெளி இல்லாமல் பொருந்தும். காந்தமில்லாத கத்தரி வேண்டும். காந்தம் ஏறியிருந்தால் அந்த இடத்தில் ‘டொப்’ என்று சத்தம் வரும். ஒட்டு எப்போதும் நாடாவின் உட்பக்கம், அதாவது ஹெட்டைப் பார்க்காத பக்கம் வர வேண்டும். நாடாவின் அகலம் 3.81 மி.மீ.; ஒட்டு அதைத் தாண்டி இம்மியளவு நீட்டினாலும் சிக்கும். ஒரு செ.மீ. வெட்டிப் போட்டால் இழப்பது நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான், கசங்கிய முனையை வெட்டிவிடத் தயங்காதீர்கள்.

எங்கள் ஊர்த் திருவிழாவில் நடந்த ஸ்பெஷல் நாடகத்தை விடிய விடியப் பதிவு செய்த நான்கு 90 நிமிடக் கேசட்டுகள் இருக்கின்றன. பென்டிரைவுக்கு மாற்ற வேண்டும். கடையில் கொடுப்பதா, நாங்களே செய்வதா? (அலங்காநல்லூர் வாசகர்)

பொறுமை இருந்தால் நீங்களே செய்யுங்கள். நான்கு கேசட்டுக்கு ஆறு மணி நேரம் ஓட வேண்டும், அதைக் குறைக்க வழியே கிடையாது. இந்த மாதிரிப் பதிவுகளுக்கு வேறு பிரதி இருக்காது. ஆர்மோனியக்காரரும் பபூனும் அன்று இரவு பேசிய பேச்சு அந்த நாடாவில் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே, மாற்றும் வேலையை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கடையில் வாங்கிய சினிமாக் கேசட்டுகள் வரிசையில் கடைசி.

பதிவு செய்த அதே செட் இன்னும் ஓடினால் அதிலேயே போடுங்கள். காரணம், ஹெட்டின் சாய்வு. பதிவு செய்த ஹெட் எந்தக் கோணத்தில் நின்றதோ, கேட்கும் ஹெட்டும் அதே கோணத்தில் நிற்க வேண்டும். இம்மி மாறினாலும் வசனம் மங்கும். வேறு செட்டில் போடுவதானால் அந்தக் கேசட்டுக்கு ஏற்றபடி சாய்வைத் திருத்தலாம். ஹெட்டின் இருபுறமும் இரண்டு ஸ்க்ரூ இருக்கும். அடியில் ஸ்பிரிங் உள்ளதுதான் சாய்வுக்கான ஸ்க்ரூ. அது இப்போது நிற்கும் நிலையை மார்க்கரால் குறித்துக்கொண்டு, கேசட் பாடும்போதே மெல்லத் திருப்புங்கள். கால் சுற்றுக்கு மேல் தேவைப்படாது. ‘ச’வும் ‘ஸ’வும் எந்த இடத்தில் மிகக் கூர்மையாகக் கேட்கின்றனவோ அங்கே நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் மார்க்கர் குறிக்கே திருப்பிவிடுங்கள்.

கம்ப்யூட்டரோடு இணைக்க, செட்டில் லைன் அவுட் இருந்தால் அதுவே சிறந்தது. இல்லாவிட்டால் ஹெட்போன் துளை. வால்யூமைப் பாதிக்குக் கீழே வையுங்கள். லேப்டாப்பின் மைக் துளையில் செருகாதீர்கள். அது மெல்லிய மைக் சமிக்ஞைக்கானது, சத்தம் உடைந்துபோகும். லைன் இன் உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று வாங்குங்கள். பாக்கெட் அளவில் விற்கும் ‘கேசட் டு எம்பி3’ பெட்டிகளை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அவற்றின் மோட்டார் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை, ஆர்மோனியச் சுருதி அலையும்.

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்று வையுங்கள். பதிவு மோனோவாக இருந்தாலும் ஸ்டீரியோவிலேயே எடுங்கள். நாடாவின் ஒரு ஓரம் தேய்ந்திருந்தால், பிறகு நல்ல பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். உச்சச் சத்தம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். மிருதங்கம் உச்சத்துக்கு ஏறும் இடத்தை முதலில் ஓட்டிப் பார்த்து அளவை வையுங்கள். இரைச்சலைக் குறைக்கும் டால்பி பட்டனை அணைத்துவிடுங்கள். அது டால்பியில் பதிவு செய்த கேசட்டுகளுக்கு மட்டும். மற்றதில் போட்டால் ஓசை அமுங்கும்.

ஒரு மணி நேரத்துக்கு வேவ் ஃபைல் ஏறக்குறைய 1 ஜிபி வரும், நான்கு கேசட்டுக்கு 6 ஜிபி. இதை அப்படியே இரண்டு இடங்களில் வையுங்கள், இரண்டும் ஒரே வீட்டில் வேண்டாம். போனில் கேட்க எம்பி3 தனியாகப் போட்டுக்கொள்ளலாம். இரைச்சல் நீக்கும் வசதியைப் பிரதியில் மட்டும், அதுவும் கொஞ்சமாகப் பயன்படுத்துங்கள். அதிகமானால் நடிகர்கள் தண்ணீருக்குள் நின்று பேசுவது போலிருக்கும். ஃபைலின் பெயரில் ஊர், திருவிழா, ஆண்டு, கேசட் எண், ஏ அல்லது பி பக்கம் எல்லாம் வரட்டும். நடித்தவர்கள் யார் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு இப்போதே எழுதிவையுங்கள்.

எல்லாப் பாட்டும் போனிலேயே கிடைக்கும்போது கேசட்டைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும்? (திருப்பரங்குன்றம் வாசகர்)

பாட்டு கிடைக்கும். ஆனால் ரெக்கார்டிங் சென்டரில் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்து, 60 நிமிடத்துக்குள் எது முதலில், எது பி பக்கத்தில் என்று ஒருவர் யோசித்துச் சேர்த்த வரிசை கிடைக்காது. உள்ளட்டையில் இருக்கும் அவர் கையெழுத்தும் கிடைக்காது. 1963இல் பிலிப்ஸ் இந்தக் கேசட்டைக் கொண்டுவந்தபோது அது முதன்மையாகப் பேச்சைப் பதியும் கருவிக்கானது. 1979இல் சோனி வாக்மேன் வந்த பிறகு பாட்டைக் கையோடு கொண்டுபோகும் பொருளாகவும் ஆனது. நம் வீடுகளில் அது இரண்டாகவும் இருந்தது. சிவப்புப் பட்டனையும் பிளேயையும் சேர்த்து அழுத்தத் தெரிந்த யாரும் வீட்டார் குரலைப் பதிந்துவைக்க முடிந்தது. அந்தக் குரல்களுக்காகவே செட்டை ஓடும் நிலையில் வைத்திருப்பது தகும்.

வாக்மேனில் பேட்டரி கசிந்து பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிட்டது. (வாடிப்பட்டி வாசகர்)

அல்கலைன் பேட்டரி என்றால் கசிந்தது காரம். எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்ட பட்ஸால் துடையுங்கள். சாதா பேட்டரி என்றால் அமிலத்தன்மை. சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் துடையுங்கள். பிறகு ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும் ஸ்பிரிங்கை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குங்கள். வாரக்கணக்கில் கேட்காமல் வைப்பதானால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

120 நிமிடக் கேசட் நல்லதா? (பேரையூர் வாசகர்)

இல்லை. 90 நிமிட நாடா சுமார் 12 மைக்ரான் தடிமன், 120 நிமிட நாடா 9 மைக்ரான்தான். எளிதில் நீளும், ரோலரில் சுற்றிக்கொள்ளும். கைவசம் இருந்தால் முதலில் அதைப் பென்டிரைவுக்கு மாற்றிவிடுங்கள். புதிதாகப் பதிவு செய்ய 60 நிமிடமே உறுதியானது.

கேசட்டுகளை எப்படி வைத்துப் பாதுகாப்பது? (மதுரை வாசகி)

டப்பாவோடு, புத்தகம் போல நிற்கும்படி வையுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள பரண் வேண்டாம், கோடையில் மிகவும் சூடாகும். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வேண்டாம், அதிலுள்ள காந்தம் பதிவை அழிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுவதும் ஓடவிட்டு, ஃபாஸ்ட் ஃபார்வேர்டு செய்யாமல், பாடி முடிந்த நிலையிலேயே எடுத்து வைத்தால் சுருள் சீராக இருக்கும்.

அழியக் கூடாத கேசட்டுகளின் முதுகிலுள்ள காதுகளை உடைத்துவிடுங்கள். ஏ பக்கம் உங்களைப் பார்க்க, வாய் கீழே இருக்கும்படி பிடித்தால் இடது காது ஏ பக்கத்துக்கு, வலது காது பி பக்கத்துக்கு. உடைத்த பக்கத்தில் சிவப்புப் பட்டன் இறங்காது. பின்னால் மறுபடி பதிவு செய்ய வேண்டியிருந்தால் அந்தத் துளையின்மேல் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டினால் போதும். அதற்கு அது தாராளமாக ஆகும்.