ஐரோப்பியப் பயணத்தின் கடைசி நாளை ஸ்ட்ராஸ்பூர்க் போன்ற எல்லை நகரத்தில் கழிப்பது வீணா?

"அந்த ஒரு நாளையும் பாரிஸிலேயே இருந்துட்டு வாங்களேன்" என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். எங்களிடமும் சொன்னார்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானம் ஏறுபவர் என்றால் தயங்காமல் போங்கள். ஸ்ட்ராஸ்பூர்க் பிரான்சில், ஜெர்மனி எல்லையை ஒட்டியே இருக்கிறது; அங்கிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான்.

நான் 29 வருடம் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தியவள். முதல் உலகப்போர்ப் பாடத்தில் அல்சேஸ்-லொரைன் என்று ஒரு வரி வரும். ஜெர்மனி பிரான்சிடமிருந்து பறித்த பகுதி, போருக்கு ஒரு காரணம், அடிக்கோடு போடு, அடுத்த பத்தி. அவ்வளவுதான் நானும் நடத்தினேன். அந்த அல்சேஸின் தலைநகரம்தான் ஸ்ட்ராஸ்பூர்க்.

1871-ல் ஜெர்மனிக்குப் போனது. 1918-ல் பிரான்சுக்குத் திரும்பியது. 1940-ல் மறுபடி ஜெர்மனி, 1944 நவம்பரில் மறுபடி பிரான்ஸ். 1870-ல் பிறந்து எழுபத்தைந்து வயதுவரை வாழ்ந்த ஒருத்திக்கு, வீட்டு வாசலைத் தாண்டாமலே நான்கு தடவை நாடு மாறியிருக்கும்.

ரெப்புப்ளிக் சதுக்கத்தில் 1936-ல் வைத்த போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. ஒரு தாய், அவளிடம் சாய்ந்து உயிர் விடும் இரண்டு பிள்ளைகள். இருவர் உடலிலும் சீருடை இல்லை. ஒருவன் ஜெர்மனிக்காகப் போனவன், இன்னொருவன் பிரான்சுக்காக. கீழே "இறந்துபோன எங்களவர்க்கு" என்று மட்டும் பொறித்திருக்கிறார்கள். பிரான்சின் மற்ற ஊர்களில் "பிரான்சுக்காக உயிர்நீத்தோர்" என்று இருக்கும். "இங்க எந்த நாட்டுப் பேரை எழுதுவாங்க?" என்றார் என் கணவர். எனக்குப் பதில் வரவில்லை, அழுகைதான் வந்தது. அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டோம்.

இதைச் சொல்லும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டிசம்பர் வந்தாலே எங்கள் பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்வார்கள். "சோசியல்தானே டீச்சர், பசங்க படிச்சுக்குவாங்க." அந்தத் தாயின் கதையைச் சொல்ல ஒரு பீரியட் போதும். அதுகூட எனக்குக் கிடைத்ததில்லை.

கதீட்ரலை விட்டுவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பார்த்தோம். 142 மீட்டர் உயரம், 1874 வரை இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் உலகிலேயே உயரமான கட்டடம், அழகுதான். பாரிஸ் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை.

மதியம் 'டி' (D) தடத்து டிராமில் ஏறி ரைன் நதியைத் தாண்டி ஜெர்மனியின் கேல் ஊருக்குப் போனோம். 2017-லிருந்து இந்த டிராம் அங்கே போகிறது. திரும்பும்போது நடைபாலத்தில் வாருங்கள். நடுவில் நிற்க ஒரு மேடை இருக்கிறது. இத்தனை பேர் செத்த எல்லையில் குழந்தைகள் சைக்கிள் ஓட்டிப் போகிறார்கள். அதைப் பார்க்கவாவது போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், இரு கரையிலும் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பாஸ்போர்ட் கையிலேயே இருக்கட்டும். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லையிலும் சோதனை வைத்திருந்தது. என் கணவர் தன்னுடையதை விடுதியில் வைத்துவிட்டு வந்தார். கேலில் எங்களை இறக்கி, போனில் இருந்த விசா படத்தைச் சரிபார்த்து விடுவதற்குள் இருபது நிமிடம் ஆனது.