1971 காசுக்கு இரண்டு லட்சம் கிடைக்குமா?

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். 1971-இல் பல மாதங்கள் இங்கிலாந்துத் துறைமுகங்களில் இருந்திருக்கிறார். அவர் விட்டுச் சென்ற பிஸ்கட் டின்னில் ஒரு கிலோவுக்கு மேல் அந்நாட்டுக் காசுகள். பலவற்றில் 'நியூ பென்ஸ்' என்றும் 1971 என்றும் இருக்கிறது. கூடவே ஒரு நீல பிளாஸ்டிக் உறையில் ஐந்து காசுகள், முத்திரை குத்திய ஒரு தபால் உறை, ஓர் ஐந்து பவுண்டு நோட்டு. இணையத்தில் ஒரு வீடியோவைப் பார்த்துப் படம் அனுப்பியதும் சென்னையிலிருந்து ஒருவர் போனில் பேசியிருக்கிறார். "1971-இல் பிரிட்டன் திவால் நிலையில் இருந்தது, வங்கிகளை மூடிவிட்டார்கள், தபால் ஓடவில்லை, அதனால் அந்த வருஷக் காசு கொஞ்சம்தான் வெளியே வந்தது. அப்புறம் ஐரோப்பாவோடு சேர்ந்ததும் அதையும் உருக்கிவிட்டார்கள். ஒரு 2 பென்ஸுக்கு இரண்டு லட்சம் நிச்சயம்" என்றாராம். பதிவுக்கும் சான்றிதழுக்கும் முதலில் ரூ.8,500 கட்ட வேண்டுமாம். கட்டலாமா என்பது கேள்வி.

கட்டாதீர்கள் அம்மா. ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

வாங்குகிறவன்தான் காசு கொடுக்க வேண்டும். விற்கிறவரிடம் முன்பணம் கேட்பவர் வியாபாரியே இல்லை. இந்த 8,500 முதல் படிதான். கட்டினால் அடுத்த வாரம் ஜிஎஸ்டி என்பார், பிறகு இன்சூரன்ஸ், அதற்கும் பிறகு ரிசர்வ் வங்கி அனுமதி என்று ஒரு முத்திரை வைத்த தாள் வாட்ஸப்பில் வரும். பழைய நோட்டையும் காசையும் ரிசர்வ் வங்கி இப்படி வாங்கி விற்பதில்லை. அதற்காக யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை. 2021 ஆகஸ்டில் அவர்களே இதை அறிக்கையாக வெளியிட்டார்கள். ஓர் அறிக்கையோடு கடமை முடிந்தது போலிருக்கிறது. அதே விளம்பரங்கள் இன்றும் நம் போனில் ஓடிக்கொண்டிருக்கின்றன, தடுக்க ஆளில்லை.

சரி, அந்த ஆள் சொன்ன கதைக்கு வருவோம். அவர் முழுப் பொய் சொல்லவில்லை, அதுதான் சாமர்த்தியம். உண்மையில் நடந்த நான்கு சம்பவங்களை எடுத்து, நான்கையும் காசோடு முடிச்சுப் போட்டிருக்கிறார்.

முதலில் திவால். 1971 பிப்ரவரி 4-ஆம் தேதி திவாலானது ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி, பிரிட்டன் அல்ல. லாக்ஹீட் விமானத்துக்காக ஆர்பி 211 என்ற எஞ்சினை உருவாக்க எடுத்த செலவு கையை மீறிப் போய்விட்டது. எட்வர்ட் ஹீத் பிரதமராக இருந்த நேரம். தனியார் தொழிலில் அரசு தலையிடாது என்று பேசி வந்த அதே கன்சர்வேட்டிவ் அரசு, விமான எஞ்சின் பிரிவை நாட்டுடைமை ஆக்கிக்கொண்டது. நாட்டுக்கே பெரிய அதிர்ச்சிதான், ஆனால் நாணயச் சாலையில் ஒரு இயந்திரமும் அதற்காக நிற்கவில்லை.

அடுத்தது வங்கிகள். மூடியது உண்மை. பிப்ரவரி 10 புதன்கிழமை பிற்பகல் மூடிய வங்கிகள் 15-ஆம் தேதி திங்கள் காலைதான் திறந்தன. காரணம் பணத்தட்டுப்பாடு அல்ல. அந்தத் திங்கட்கிழமையிலிருந்து நாட்டின் கணக்கு முறையே மாறுகிறது. அதுவரை 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, ஆக பவுண்டுக்கு 240 பென்னி. இனி பவுண்டுக்கு 100 புதுப் பென்னி (பென்னியின் பன்மைதான் பென்ஸ்). பழைய கணக்கில் எழுதிய காசோலைகளைத் தீர்த்து, ஒவ்வொரு வாடிக்கையாளரின் இருப்பையும் புதுக் கணக்குக்கு மாற்ற அவகாசம் வேண்டாமா? அதற்காகத்தான் கதவைச் சாத்தினார்கள். வியாபாரம் மந்தமாக இருக்கும் மாதம் என்பதால்தான் பிப்ரவரியையும் தேர்ந்தெடுத்தார்கள்.

அவர்கள் இதற்கு எவ்வளவு முன்கூட்டியே தயாரானார்கள் என்பதுதான் உங்கள் டின்னின் விலையைத் தீர்மானிக்கிறது. 1966-லேயே முடிவை அறிவித்துவிட்டார்கள். லண்டன் டவர் ஹில்லில் இருந்த பழைய நாணயச் சாலையில் இடம் போதாது என்று வேல்ஸில் லான்ட்ரிசன்ட் என்ற ஊரில் புதிதாக ஒன்றைக் கட்டி, 1968 டிசம்பரில் ராணி திறந்து வைத்தார். 5, 10 பென்ஸ் காசுகள் 1968-லும், 50 பென்ஸ் 1969-லும் புழக்கத்துக்கு வந்தன. அரை, 1, 2 பென்ஸ் என்ற மூன்று செப்பு நிறக் காசுகளை மட்டும் முன்னதாகவே அடித்து, 1971 என்று வருஷம் பொறித்து, மூட்டை மூட்டையாக வங்கிகளில் இறக்கி வைத்துக் காத்திருந்தார்கள். ஐந்தரைக் கோடிப் பேர் வாழும் நாட்டில் ஒவ்வொரு கடையின் கல்லாவிலும் ஒரே நாளில் புதுக் காசு இருந்தாக வேண்டுமே! 1971 என்று பொறித்த 2 பென்ஸ் மட்டும் 145 கோடி. 1 பென்னி 150 கோடிக்கும் மேல். அந்த வரிசையிலேயே மிகச் சாதாரணமான வருஷம் எது என்று கேட்டால் 1971 என்றுதான் எந்தச் சேகரிப்பாளரும் சொல்வார். புரோக்கர்கள் இதை அப்படியே தலைகீழாக்குகிறார்கள். சரித்திரத்தில் முக்கியமான வருஷம் என்றால் காசும் அபூர்வமாக இருக்கும் என்று நாம் நம்பிவிடுகிறோம்.

தபால் வேலைநிறுத்தமும் நிஜம். ஜனவரி 20 முதல் மார்ச் 8 வரை, ஏறத்தாழ ஏழு வாரம், ஊதிய உயர்வு கேட்டுத் தபால் ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஆனால் கோடிக்கணக்கான காசுகளை யாரும் தபாலில் அனுப்புவதில்லை. வேலைநிறுத்தம் தொடங்கும் முன்பே அவை வங்கிகளுக்குப் போய்விட்டன. கடைசியாக ஐரோப்பா. பொதுச் சந்தையில் சேரலாம் என்று நாடாளுமன்றத்தில் வாக்களித்தது 1971 அக்டோபர் 28, ஆதரவு 356, எதிர்ப்பு 244. சேர்ந்தது 1973 ஜனவரி 1. பவுண்டையும் பென்னியையும் அவர்கள் அதற்காகக் கைவிடவே இல்லை. உருக்கியதாகச் சொல்லும் அந்த 1971-இன் 2 பென்ஸைக் கொடுத்து இன்றைக்கும் லண்டன் கடையில் சாமான் வாங்கலாம்.

அதனால் உங்கள் 2 பென்ஸின் மதிப்பு 2 பென்ஸ்தான். ஒன்று 7.12 கிராம் எடை, கிலோவுக்குச் சுமார் 140 காசு வரும், அதாவது 2 பவுண்டு 80 பென்ஸ். ஒரு கிலோவுக்கு முந்நூறு ரூபாய் சொச்சம். அதையும் இங்கே மாற்ற முடியாது. நம் வங்கிகளும் சரி, அந்நியச் செலாவணி மாற்றும் கடைகளும் சரி, நோட்டை மட்டும் வாங்குவார்கள், காசைத் தொட மாட்டார்கள். வெளிநாட்டில் உழைத்தவர்கள் வீட்டிலெல்லாம் இப்படி ஒரு டின் இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ள முறையான ஒரு வழியை யாரும் ஏற்படுத்தவில்லை. அந்த இடைவெளியில்தான் இந்தப் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள்.

'நியூ பென்ஸ்' என்ற எழுத்தைக் காட்டி லட்சக்கணக்கில் பேசும் வீடியோக்கள் எங்கிருந்து முளைத்தன என்று கேட்பீர்கள். அதற்கு ஒரே ஒரு காசுதான் காரணம், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நம் ஊரில் 1957-இல் 'நயா பைசா' என்று வந்து 1964-இல் 'நயா' போனது நினைவிருக்கும். அதேபோல அங்கேயும் பழைய பென்னியோடு குழம்பக் கூடாது என்று 1968-இல் வந்த முதல் புதுக் காசு தொடங்கி 1981 வரை 'நியூ' என்று போட்டார்கள். 1982 முதல் அதை எடுத்துவிட்டு 2 பென்ஸில் 'டூ பென்ஸ்' என்று மாற்றினார்கள். ஆனால் 1983-இல் சேகரிப்பாளர்களுக்காகத் தயாரித்த பளபளப்பான செட்டுகள் சிலவற்றில் தவறுதலாகப் பழைய அச்சு புகுந்து, 1983 என்ற வருஷத்தோடு 'நியூ பென்ஸ்' என்று அடித்துவிட்டது. விலை போவது அந்தக் காசுதான். 1971-இல் 'நியூ பென்ஸ்' இருப்பது சரியான அச்சு. 1976-இல் இருந்தாலும் சரியான அச்சு. 1981-லும் அப்படியே. 1983-இல் 'டூ பென்ஸ்' என்று இருந்தால் அதுவும் சரியான அச்சு, விசேஷமில்லை. 1983, 'நியூ பென்ஸ்', இரண்டும் ஒரே காசில் இருந்தால் மட்டுமே மேற்கொண்டு பேச்சு. அதுவும் செட்டில் வந்த காசு என்பதால் கப்பல்காரர் கைக்குச் சில்லறையாக வந்து சேர்ந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தப்பித் தவறி டின்னில் இருந்தால் வருஷத்தின் கடைசி எண்ணைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வேறு வருஷக் காசின் கடைசி எண்ணை யாராவது 3 ஆக்கியிருக்கலாம். அந்தக் காசுக்கும் இரண்டு லட்சமெல்லாம் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

காசு கறுத்துப் போயிருக்கும். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எலுமிச்சை, சாம்பல், பற்பசை எதுவும் வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவது போலக் காசைத் துலக்கினால் மேல்தோல் போய்விடும், சேகரிப்பாளர் கையில் வாங்கியதுமே கண்டுபிடித்துவிடுவார். நல்ல விலை போகக்கூடிய காசுகளை இப்படிப் பளபளவென்று ஆக்கிக் கொண்டுவந்து நீட்டுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. தூசி இருந்தால் வெறும் தண்ணீரில் அலசி ஒற்றி எடுங்கள், போதும்.

நீல உறையில் இருப்பது பிரிட்டனின் முதல் தசமக் காசுகள் என்று விற்ற செட். 5, 10 பென்ஸில் 1968 என்றும், அரை, 1, 2 பென்ஸில் 1971 என்றும் இருக்கும். நினைவுப் பொருளாக ஏராளமாக விற்றுத் தீர்த்தார்கள், இன்றும் எங்கும் கிடைக்கிறது. உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அளவில் பெரிய, பிரிட்டானியா என்ற பெண் உருவம் உட்கார்ந்திருக்கும் பழைய பென்னிகள் 1971 ஆகஸ்ட் 31-ஓடு செல்லாமல் போயின. ஆறு பென்னிக் காசு மட்டும் இரண்டரைப் புதுப் பென்னிக்குச் சமம் என்று கணக்காக அமைந்ததாலும், அதன் மேல் மக்களுக்கு இருந்த பிரியத்தாலும் 1980 வரை தாக்குப்பிடித்தது. வெள்ளைக் காசுகளில் 1946-ஓ அதற்கு முந்தைய வருஷமோ இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள், அவற்றில் வெள்ளி உண்டு. 1947 முதல் வெள்ளி கிடையாது, நிக்கல் கலவைதான்.

தபால் உறையைப் பற்றியும் அந்த ஆள் ஏதாவது சொல்லியிருப்பார். புதுக் கணக்கில் விலை அச்சிட்ட தபால்தலைகள் பிப்ரவரி 15-ஆம் தேதியே வெளியாகின. ஆனால் தபால்காரர்கள்தான் வேலையில் இல்லையே! அதனால் புதுத் தலையை ஒட்டி, அது வெளியான நாளின் நினைவாகச் சேகரிப்பாளர்கள் வாங்கும் 'முதல் நாள் உறைகள்' தேங்கிக் கிடந்து, வேலைநிறுத்தம் முடிந்த பிறகு 'தபால் வேலைநிறுத்தத்தால் அனுப்புவது தாமதம்' என்ற பொருளில் ஒரு முத்திரையோடு போனது. உங்களிடம் இருப்பது அதுவாக இருக்கலாம். அந்த வருஷத்து இரண்டு பெரிய சம்பவங்களும் ஒரே உறையில் பதிந்திருக்கின்றன. பார்க்க ரொம்ப அழகான பொருள், ஆனால் அபூர்வம் இல்லை. அந்த வாரங்களில் தனியார்கள் தபால் சேவை நடத்திச் சொந்தமாகத் தலைகளும் அச்சிட்டுக்கொண்டார்கள். அவற்றில் கணிசமானவை சேகரிப்பாளர்களைக் குறிவைத்தே அச்சானவை. புரோக்கர்கள் இவற்றையும் 'ராணி படம் இல்லாத பிழைத் தலை' என்று விற்பார்கள். அது பிழை இல்லை, அரசுத் தபால்தலையே இல்லை.

உங்கள் டின்னில் உண்மையாகப் பணம் இருக்கிறதென்றால் அது அந்த ஐந்து பவுண்டு நோட்டுதான், அதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. பின்பக்கம் வெலிங்டன் பிரபுவின் படம் இருக்கிறதா என்று பாருங்கள். அது 1971 நவம்பர் 11-இல் வந்த நோட்டு, 1991-இல் வாபஸ் ஆனது. இங்கே பணம் மாற்றும் கடையில் நீட்டினால் "செல்லாது" என்று சொல்லி, பிறகு "பாவம், இருநூறு ரூபாய் தருகிறேன்" என்பார்கள். கொடுக்காதீர்கள். பேங்க் ஆஃப் இங்கிலாந்து தான் வெளியிட்ட நோட்டு எத்தனை வருஷம் பழையதானாலும் அதில் போட்டுள்ள தொகையைத் தருகிறது, அதற்குக் காலக்கெடு இல்லை. நேரிலும் மாற்றலாம், விண்ணப்பப் படிவத்தோடு தபாலில் அனுப்பியும் மாற்றலாம். ஒரே ஒரு நோட்டுக்காகப் படிவம், அடையாளச் சான்று, கூரியர் என்று அலைந்தால் நோட்டின் மதிப்பே செலவாகிவிடும். அங்கே வங்கிக் கணக்கு வைத்திருக்கும் உறவினரோ தெரிந்தவரோ ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்புங்கள். சில்லறைக் காசுகளில் 1, 2 பென்ஸை மட்டும் பிரித்து அவரிடமே கொடுத்துவிடலாம். அரை பென்னி 1984-லேயே செல்லாமல் போனது. 5, 10, 50 பென்ஸிலும் அந்தக் காலத்துப் பெரிய அளவுக் காசுகள் வேண்டாம், அவையும் செல்லாது.

சென்னை ஆளின் நம்பரை பிளாக் செய்யும் முன் அவர் அனுப்பிய செய்திகளையும் கணக்கு எண்ணையும் படம் பிடித்து வையுங்கள். இன்னும் பணம் கட்டவில்லை என்றாலும் சைபர் குற்றப் பிரிவின் இணையதளத்தில் புகார் பதியலாம். வீட்டில் வேறு யாராவது ஏற்கெனவே அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். ஆதார் நகலை அனுப்பியிருக்கிறீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அனுப்பியிருந்தால் அதையும் புகாரில் மறக்காமல் எழுதுங்கள்.