54 கிலோ ஆகியே தீர வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 44. உயரம் 156 செ.மீ., எடை 71 கிலோ. திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். போன மாதம் எடுத்த பரிசோதனையில் மூன்று மாத சராசரி சர்க்கரை (HbA1c) 6.0 என்று வந்தது. பிரஷர் 134/86. 'வெயிட்டைக் குறைங்கம்மா' என்றார் டாக்டர். எவ்வளவு என்று சொல்லவில்லை. போனில் ஓர் ஆப்பில் போட்டுப் பார்த்தால் 54 கிலோ இருக்க வேண்டும் என்கிறது. கல்யாணத்தின்போது 48 இருந்தேன். இரண்டாவது பிள்ளைக்கு அப்புறம் 63, 64 என்று ஏழெட்டு வருடம் நின்றது. அதற்குப் பிறகு ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. பலமுறை டயட் இருந்து நாலைந்து கிலோ குறைத்தேன், எல்லாம் திரும்ப வந்துவிட்டது. என் கணவர் 170 செ.மீ., 65 கிலோ. தொப்பை இருக்கிறது, ஆனால் ஆப் அவரை 'நார்மல்' என்கிறது! நான் எத்தனை கிலோவை இலக்காக வைப்பது?

பதில்: 66 கிலோ. அடுத்த ஐந்தாறு மாதங்களுக்கு உங்கள் இலக்கு அதுதான். அங்கே போனதும் மூன்று மாதம் ஏறாமல் பார்த்துக்கொண்டு, மறுபடி ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, அதற்கப்புறம் 63-64 பற்றி யோசிக்கலாம். 54-க்குத் தானாக வந்து சேர்ந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை இலக்காக எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டாதீர்கள்.

அந்த 54 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. உங்களுக்கு அது 29.2. அதைச் சுமார் 22-க்குக் கொண்டுவந்தால் கிடைக்கும் எடைதான் 54. பெல்ஜியத்தைச் சேர்ந்த வானியல், புள்ளியியல் அறிஞர் அடால்ஃப் கெட்லே 1830-களில் 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று ஆராய்ந்தபோது கண்ட விகிதம் இது. அவர் வைத்தியர் இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் உடல்நலத்தைச் சொல்ல அவர் இதை உருவாக்கவும் இல்லை. 1972-இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ், அதுவும் ஆண்களின் அளவுகளை மட்டும் வைத்து ஆராய்ந்து, இதற்கு இன்றைய பெயரை வைத்தார். ஒரு மாவட்டத்தில் எத்தனை பேருக்கு எடை கூடியிருக்கிறது என்று கணக்கெடுக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஆனால் அந்த எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு தொடையில் இருக்கிறதா, வயிற்றுக்குள் ஈரலைச் சுற்றி இருக்கிறதா என்பதெல்லாம் அந்த எண்ணில் தெரியாது. உங்கள் ஆப் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு 54 என்றது. உங்கள் சர்க்கரை 6.0 என்பதை அது கேட்கவே இல்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். வெள்ளைக்காரர்களுக்கு 25 வரை நார்மல் என்று வைத்திருந்த கோட்டை அப்படியே நமக்குப் போட முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இல், ஆசியர்கள் 23-இலிருந்தே கவனமாக இருக்க வேண்டும் என்றது. இந்திய மருத்துவர்கள் கூடிப் பேசி 2009-இல் 23-க்கு மேல் கூடுதல் எடை, 25-க்கு மேல் உடல்பருமன் என்று வகுத்தார்கள். காரணம், அதே எடையில் நமக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். இதைப் பற்றி 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு சுவையான படம் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்!

அதனால்தான் உங்களைவிட உங்கள் கணவர் விஷயத்தில் எனக்குக் கவலை. அவருடைய பி.எம்.ஐ. 22.5. சார்ட்டைப் பொறுத்தவரை பிரச்சினை இல்லாத ஆள். நீங்களாவது டெஸ்ட் எடுத்தீர்கள். அவர் 'நான்தான் நார்மலாச்சே' என்று உட்கார்ந்திருப்பார். கையும் காலும் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் நிற்கும் உடம்புக்குத்தான் சர்க்கரை, ஃபேட்டி லிவர் இரண்டும் சத்தமில்லாமல் வரும். அவருக்கு எடை குறைப்பு முக்கியமில்லை. வயிற்றைக் குறைத்துத் தசையைக் கூட்ட வேண்டும். எடை 65-லேயே நின்றாலும் பரவாயில்லை. இந்த வாரமே அவரையும் சர்க்கரை, கொலஸ்ட்ரால் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, பி.எம்.ஐ.யை விட்டுவிட்டு எதைப் பார்ப்பது? தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப் போதும். ஆனால் அளக்கும் இடத்தில்தான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். பெண்கள் பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளப்பார்கள், ஆண்கள் பெல்ட் போடும் இடத்தில். தொப்பை உள்ள ஆண்கள் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிப் போடுவதால் இருபது வருடமாக ஒரே சைஸ்தான் என்று பெருமை வேறு. அந்த இடம் வேண்டாம். விலா எலும்பு முடியும் இடத்தைப் பக்கவாட்டில் விரலால் தொட்டுப் பாருங்கள். கீழே இடுப்பெலும்பின் மேல் விளிம்பு தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்ற வேண்டும். துணிக்கு மேல் அளக்காதீர்கள், வயிற்றை எக்காதீர்கள். சாதாரணமாக மூச்சை விட்டு முடிக்கும் நேரத்தில், டேப் தோலை அழுத்தாமல் தொட்டுக்கொண்டிருக்கும்போது வரும் அளவுதான் சரி.

நம்மவர்களுக்குப் பெண்கள் என்றால் 80 செ.மீ., ஆண்கள் என்றால் 90 செ.மீ. தாண்டக் கூடாது என்பது கணக்கு. இன்னொரு சுலபமான கணக்கு, இந்தச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு 78, அவருக்கு 85. உங்கள் எடைக்கு இப்போது 90-க்கு மேல் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு கிலோ குறைந்தால் தோராயமாக ஒரு சென்டிமீட்டர் குறையும். அதனால் 78-ஐப் பார்த்து மலைக்க வேண்டாம், முதல் ஐந்து சென்டிமீட்டர்தான் இப்போதைய வேலை.

இனி 66-க்கு வருவோம். உங்களைப் போலச் சர்க்கரை நோயின் வாசலில் நிற்பவர்களை வைத்து அமெரிக்காவில் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2002-இல் வந்தது. அதில் வைத்த இலக்கு ஆளுக்கு 7 சதவீத எடைக் குறைப்பு, வாரத்துக்கு 150 நிமிட நடை. சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. யாரையும் 'ஐடியல் வெயிட்டுக்கு' வரச் சொல்லவில்லை, கவனியுங்கள். 71-இல் 7 சதவீதம் என்பது ஐந்து கிலோ. அதுதான் 66.

நம் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய ஆய்வு 2006-இல் வெளியானது. எனக்கு அதுதான் இன்னும் பிடித்தது. வழக்கமான அறிவுரையோடு விட்டவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவே இல்லை. தராசு முள் அசையாத வாரங்களில் 'எல்லாம் வீண்' என்று நடையை நிறுத்துகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த ஆய்வைத்தான்.

அடுத்த இடமாக 63-64 என்று சொன்னதற்குக் காரணம் நீங்கள் எழுதியதுதான். ஏழெட்டு வருடம், பட்டினி கிடக்காமல், வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு அந்த எடையில் இருந்திருக்கிறீர்கள். அது உங்கள் உடம்புக்குப் பழகிய இடம். இப்போதைய எடையில் 10 சதவீதம் குறைத்தால் வருவதும் கிட்டத்தட்ட அதே எண்தான். 48 என்பது இருபது வயதுகளின் உடம்பு. மாதவிடாய் நிற்கும் காலத்தை நெருங்கும்போது கொழுப்பு இடுப்பிலிருந்து வயிற்றுக்கு நகரும், தசை குறையும். கல்யாண ஆல்பத்தைப் பார்த்து இலக்கு வைக்கிறவர்கள் ஒன்று பாதியில் விட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் சாதத்தைச் சுத்தமாக நிறுத்திவிட்டு முடி கொட்டுகிறது என்று வருகிறார்கள்.

63.5 கிலோவிலும் உங்கள் பி.எம்.ஐ. 26 இருக்கும். ஆப் அப்போதும் சிவப்பு விளக்குதான் காட்டும். காட்டட்டும். சராசரி சர்க்கரை 5.7-க்குக் கீழே வந்து, பிரஷர் 130/80-ஐ ஒட்டி நின்று, சுற்றளவும் இறங்கியிருந்தால் அங்கேயே இருந்துவிடலாம் என்பது என் கருத்து. சர்க்கரை இறங்கவில்லை என்றால் மட்டும் இன்னும் இரண்டு மூன்று கிலோவுக்கு முயலலாம், அல்லது மருந்து பற்றி டாக்டரோடு பேசலாம்.

குறைத்த எடை திரும்பி வந்ததற்கு உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். எடை குறைந்தால் உடம்பு செலவழிக்கும் கலோரியும் குறையும், பசி கூடும். எல்லோருக்கும் நடப்பது இது. வேகமாகக் குறைத்து, தசைக்கு வேலையும் கொடுக்காமல் விட்டால் குறையும் எடையில் கணிசமான பங்கு தசையாகவே போய்விடும். திரும்பி வரும்போது கொழுப்பாக வரும். ஐந்தாறு மாதத்தில் ஐந்து கிலோ என்று நிதானமாக வைத்தது அதற்காகத்தான். ஒரு நாளைக்கு 250, 300 கலோரி குறைத்தால் போதும். ஸ்டாஃப் ரூமில் இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு மூன்று டீ குடித்தால் சர்க்கரை மட்டும் 120 கலோரி. சாயங்காலம் டிவி முன்னால் போகும் 50 கிராம் மிக்சர் 250 கலோரிக்கு மேல். பெரும்பாலானவர்களுக்கு இந்த இரண்டிலேயே கணக்கு முடிந்துவிடும், இட்லியின் மேல் பழியைப் போட வேண்டியதில்லை.

இட்லியில் குறை என்று சொன்னால் அதில் புரதம் போதாது என்பதுதான். உங்களுக்கு ஒரு நாளைக்கு 60 கிராமுக்கு மேல் வேண்டும். நான்கு இட்லியும் சட்னியும் பத்து கிராமைத் தொட்டாலே அதிகம். கூட ஒரு முட்டை என்றால் ஆறு கிராம், ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் என்றால் சுமார் பன்னிரண்டு. மதியம் சாதத்தில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்போ மீனோ காய்கறியோ கூடட்டும். நடையோடு சேர்த்து வாரத்தில் இரண்டு மூன்று நாள், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்துப் பன்னிரண்டு முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் கை வைத்துத் தண்டால் எடுங்கள். ஜிம் கட்டாயமில்லை.

எடை பார்ப்பது வாரம் ஒருமுறை போதும். அதே மெஷின், கால்மிதி மேல் வைக்காமல் வெறும் தரையில் வைத்து, காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்து, டீ குடிப்பதற்கு முன்னால். முந்தின நாள் விசேஷ வீட்டில் அப்பளம், ஊறுகாய் என்று சாப்பிட்டிருந்தால் ஒரு கிலோ கூடக் காட்டும். மாதவிடாய்க்கு முந்தின நாட்களிலும் அப்படித்தான். அது தண்ணீர், கொழுப்பு இல்லை. அதனால் ஒரு நாள் எண்ணைப் பார்க்காமல் நான்கு வாரப் போக்கைப் பாருங்கள். கொழுப்பு சதவீதம், 'உடல் வயது' எல்லாம் காட்டும் மெஷின்கள் வீட்டுக்கு வீடு வந்துவிட்டன. தண்ணீர் குடித்தால் ஒன்று, குடிக்காவிட்டால் ஒன்று சொல்லும். காசு கொடுத்து வாங்கியாகிவிட்டது என்றால் எடைக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

டயட் இருந்தும் ஏறிக்கொண்டே போவதால் தைராய்டு பரிசோதனை ஒன்று எடுத்துவிடுங்கள். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். எடைக் கணக்கில் தூக்கத்துக்கும் பங்கு உண்டு. ஸ்டீராய்டு, மனநல மருந்துகள் சிலவும் எடையை ஏற்றும். சாப்பிடுவதாக இருந்தால் மாற்றுவது பற்றிக் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு வீட்டில் மற்றவர்களுக்கும் இதே 7 சதவீதத்தைப் போட வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு கிடையாது. எழுபது வயது மாமியாருக்குத் தசை போகாமல் இருப்பதுதான் முக்கியம், எடை குறைப்பது அல்ல. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன்னால் டாக்டரிடம் கேட்டு மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். எந்த முயற்சியும் இல்லாமல் ஆறு மாதத்தில் மூன்று நான்கு கிலோ குறைந்தவர் யாராவது இருந்தால், 'பரவாயில்லையே, இளைச்சுட்டீங்க' என்று பாராட்டாமல் உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.