தோளுக்கு ஒரு பக்கம், தலைக்கு ஒரு வரி

கேள்வி: எனக்கு வயது 36. சொந்த ஊர் கோவை, வேலை பெங்களூரில். 2016-லிருந்து மவுன்டன் பைக் ரேஸ் ஓட்டுகிறேன், கிராஸ் கன்ட்ரியும் (ஏற்ற இறக்கமான தடத்தில் சுற்றுகள்) டவுன்ஹில்லும் (மலை இறக்கம் மட்டும்). 2019-ல் இடது காலர் போன் உடைந்து பிளேட் வைத்தார்கள். 2022-ல் வலது மணிக்கட்டு. அதில் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. போன வருடம் வலது தோள் மூட்டு விலகி, ஆறு வாரம் ஸ்லிங்கோடு ஆபீஸ் போனேன். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ரேஸில் கல் பாதையில் விழுந்தேன். எழுந்து ஓட்டி ஏழாவதாக வந்தேன். எலும்பு எதுவும் உடையவில்லை. கடைசி ஒரு கிலோமீட்டர் எப்படி ஓட்டினேன் என்று ஞாபகம் இல்லை, இரண்டு மூன்று நாள் வெளிச்சம் கண்ணைக் கூசியது, அவ்வளவுதான். இப்போது ஹிமாச்சலில் பல நாள் ரேஸ் ஒன்றுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். "இன்னொரு தடவை விழுந்தால் நான் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்" என்கிறார் மனைவி. அம்மா ஒவ்வொரு முறையும் புத்தூர் கட்டுக்குக் கூப்பிடுகிறார். ஆறு வயதில் மகள் இருக்கிறாள். ஆனால் மவுன்டன் பைக் வீரர் டாம் பிட்காக் காலர் போன் உடைந்த இரண்டே மாதத்தில் ஒலிம்பிக் தங்கம் வாங்கவில்லையா? வீராங்கனை யோலாண்டா நெஃப் மண்ணீரல் கிழிந்தும் திரும்பி வரவில்லையா? நான் விடுவதா, தொடர்வதா? (பெயர் வேண்டாம்)

பதில்: உங்கள் கடிதத்தை இடம் கருதிச் சுருக்கியிருக்கிறோம். அசலில் காலர் போனுக்கு மட்டும் முழுசாக ஒரு பக்கம் எழுதியிருந்தீர்கள். எத்தனை ஸ்க்ரூ, எந்த வாரத்தில் வீட்டு டிரெய்னரில் உட்கார்ந்தீர்கள், எந்த வாரத்தில் மண்ணில் இறங்கினீர்கள் என்பது வரை எல்லாம் இருந்தது. மணிக்கட்டுக்கு அரைப் பக்கம். தலைக்கு ஒரே வரி. அதையும் 'அவ்வளவுதான்' என்று மூடிவிட்டீர்கள்.

நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்கப் போகிறேன். ஒரு கிலோமீட்டர் ஞாபகம் இல்லை, வெளிச்சம் கூசியது என்றால் மூளை அதிர்ந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கன்கஷன் என்பார்களே, அதுதான். எலும்பு உடைந்தால் எக்ஸ்ரேயில் தெரியும். இது சாதாரண ஸ்கேனில்கூடப் பெரும்பாலும் தெரியாது. அதனாலேயே விளையாட்டுக்காரர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

2019 லார்ட்ஸ் டெஸ்ட் ஞாபகம் இருக்கிறதா? ஆர்ச்சரின் பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. வெளியே போனார், சோதனைகளில் தேறினார், திரும்பி வந்து 92 வரை அடித்தார். மறுநாள் காலையில்தான் தலை பாரமாக இருக்கிறது என்றார். அவருக்குப் பதிலாக லாபுஷேன் இறங்கினார். டெஸ்ட் கிரிக்கெட்டின் முதல் கன்கஷன் மாற்று வீரர் அவர்தான். அடுத்த டெஸ்டிலும் ஸ்மித் ஆடவில்லை. சுற்றிலும் டாக்டர்கள் நிற்கும் மைதானத்திலேயே அறிகுறி ஒரு ராத்திரி கழித்துத்தான் வந்தது. உங்கள் ரேஸில் யார் இருந்தார்கள்? காட்டுக்குள் தனியாக விழுந்தீர்கள், இருபது விநாடியில் எழுந்தீர்கள், செயின் கழன்றிருக்கிறதா என்று பார்த்தீர்கள், ஏறி உட்கார்ந்தீர்கள். கிரிக்கெட்டில் அம்பயராவது ஓடி வருவார். இங்கே ஆட்டத்திலிருந்து உங்களை வெளியே எடுக்க ஆளே கிடையாது, நீங்களேதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வேலையைச் செய்ய வேண்டிய மூளைதான் அப்போது அடிபட்டுக் கிடக்கிறது.

2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடி விளையாட்டு மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட முறை எளிமையானதுதான். சந்தேகம் வந்த உடனே ஆட்டத்தை நிறுத்த வேண்டும். முதல் ஒன்றிரண்டு நாள் அலட்டிக்கொள்ளாத ஓய்வு. அப்புறம் மெல்ல நடை, லேசான பயிற்சி என்று படிப்படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். விழ வாய்ப்புள்ள பயிற்சிக்கு டாக்டர் சரி சொன்ன பிறகுதான் போக வேண்டும். நீங்கள் இதில் எதையும் செய்யவில்லை. முதல் அதிர்ச்சி ஆறும் முன் இரண்டாவது அடி விழுந்தால் விளைவு மிக மோசமாகப் போகலாம். இரண்டு மாதம் ஆகிவிட்டதே என்பீர்கள். சரி, இப்போது தூக்கம் எப்படி? சாயங்காலம் ஆபீஸ் ஸ்கிரீனைப் பார்த்தால் தலை வலிக்கிறதா? மகள் கத்தி விளையாடினால் முன்பில்லாத எரிச்சல் வருகிறதா? கடிதத்தில் இதெல்லாம் இல்லை. இருக்கிறதா இல்லையா என்று நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அதனால் முதல் பதில் நேரடியாக: ஹிமாச்சல் வேண்டாம். கட்டிய பணம் போனால் போகட்டும். வேறு ஆளுக்கு மாற்றித் தருவார்களா என்று ஒரு மெயில் போட்டுப் பாருங்கள், சில இடங்களில் செய்வார்கள். தலைக் காயம் பார்த்துப் பழகிய நரம்பியல் டாக்டர் ஒருவர் பார்க்கும் வரை மண் பாதையும் வேண்டாம்.

இனி எலும்புக் கதை. நீங்கள் மூன்று விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஒரே விபத்து மூன்று முறை நடந்த மாதிரி தெரிகிறது. கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு போகும், இல்லையென்றால் தோள் மூட்டு விலகும். ஊன்ற நேரமில்லாமல் தோள் நேராகத் தரையில் இடித்தால் காலர் போன் போகும். மூன்றுக்குமே பெரும்பாலும் ஒரே காரணம், முன் சக்கரம் பிடியை விட்டு வழுக்குவதுதான். அது ஏன் வழுக்குகிறது? ஒருமுறை பலமாக விழுந்தவன் அடுத்த இறக்கத்தில் தன்னை அறியாமல் உடம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வான். முழங்கை விறைத்துவிடும். கண் வளைவின் முடிவைப் பார்க்காமல், பயப்படும் கல்லையே பார்க்கும். உடல் எடை பின்னால் போனதும் முன் டயரில் பாரம் குறையும், பாரம் குறைந்த டயர் மண்ணைப் பிடிக்காது. விழக் கூடாது என்ற பயமே ஆளை விழ வைக்கிறது. அந்த நேரத்தில் முன் பிரேக்கை இரண்டு விரலால் கவ்விப் பிடித்தால் கேட்கவே வேண்டாம்.

இதை ஒரு நல்ல பயிற்சியாளர் வீடியோ எடுத்து, காலிப் புல்தரையில் வைத்தே சரி செய்யலாம். பத்து வருடம் ஓட்டியவரிடம் இதைச் சொன்னால் கோபம் வரும். வரட்டும்.

மணிக்கட்டு விஷயத்தில் எனக்கும் அனுபவம் உண்டு. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பாதை ஒன்றில் விழுந்து கையை ஊன்றினேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவர் சுளுக்கு என்றார். மூன்று மாதம் தைலம் தேய்த்தேன். தோசைக் கல்லைத் தூக்க முடியவில்லை. அப்புறம் எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஸ்கேஃபாய்டு எலும்பில் விரிசல். கட்டைவிரல் அடியில் முந்திரிப் பருப்பு மாதிரி இருக்கும் சின்ன எலும்பு அது. ரத்தம் அதற்குத் தலைகீழாக, விரல் பக்கத்திலிருந்துதான் போகிறது. அதனால் நடுவில் உடைந்தால் மேல் பாதி பட்டினி கிடக்கும், ஆறவே மறுக்கும். முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதும் சகஜம். கட்டைவிரல் அடிக்குழியில் அழுத்தினால் வலிக்கிறது என்றால் பத்துப் பதினைந்து நாளில் இன்னொரு படம் எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. அம்மாவிடம் கோபப்படாதீர்கள், ஆனால் இதற்குக் கட்டோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பதை மட்டும் சொல்லுங்கள். பிளேட் வைத்த காலர் போனும் அப்படித்தான். மறுபடி அடிபட்டால் பிளேட் முடியும் ஓரத்தில் உடைய வாய்ப்பு இருக்கிறது, சரி செய்வது முதல் தடவையைவிடக் கஷ்டம்.

பிட்காக், நெஃப் இருவரையும் சொன்னீர்கள். உண்மைதான். 2021 மே கடைசியில் கார் மோதி பிட்காக்கின் காலர் போன் உடைந்தது, ஜூலையில் டோக்கியோவில் தங்கம். நெஃப் 2019 டிசம்பரில் அமெரிக்காவில் பயிற்சியில் விழுந்து மண்ணீரல் கிழிந்தது, விலா எலும்பு உடைந்தது, நுரையீரலும் சுருங்கியது. டோக்கியோவுக்கு ஆறு வாரம் முன்பு கையையும் உடைத்துக்கொண்டார். தங்கம் வாங்கினார். ஆனால் நெஃப் விஷயத்தில், கொரோனாவால் ஒலிம்பிக் ஒரு வருடம் தள்ளிப்போனதே, அந்த வருடத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதோடு இருவருக்கும் காலையில் எழுந்ததும் உடம்பைத் தேற்றுவதுதான் வேலை, சம்பளமே அதற்குத்தான். நீங்கள் ஒன்பது மணி மீட்டிங் முடித்துவிட்டு பிசியோவுக்கு ஓடுகிறீர்கள். இன்னொன்று, திரும்பி வந்தவர்கள் பெயர்தான் நம் ஞாபகத்தில் நிற்கும். 2015-ல் யூட்டாவில், செங்குத்தான பாறைச் சரிவில் நடக்கும் ரெட் புல் ராம்பேஜ் போட்டியில் விழுந்து தண்டுவடம் அடிபட்ட பால் பசகோய்ட்டியா உங்கள் பட்டியலில் இல்லை.

உங்களுக்கு உதாரணம் வேண்டுமென்றால் டவுன்ஹில் வீராங்கனை ரேச்சல் அதர்ட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் குதிகால் தசைநாண் அறுந்தது. அவசரப்படவில்லை. நடுவில் குழந்தை பெற்றார். 2023-ல் 35 வயதில் உலகக் கோப்பை டவுன்ஹில்லுக்குத் திரும்பி லென்சர்ஹைடில் ஜெயித்தார். நான்கு வருட இடைவெளி! வயதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கிராஸ் கன்ட்ரி சாம்பியன் நினோ ஷுர்ட்டர் 2025-ல் ஓய்வு பெறும்போது அவருக்கு 39.

ஆகவே, டாக்டர் பச்சைக்கொடி காட்டினால் பைக்கை விட வேண்டியதில்லை. டவுன்ஹில் ரேஸை மட்டும் இதோடு நிறுத்திவிடுங்கள் என்பது என் கருத்து. அங்கே கடிகாரத்தைத் தவிர எதிராளி கிடையாது, பிரேக்கை யார் குறைவாகப் பிடிக்கிறார் என்பதுதான் போட்டி. கிராஸ் கன்ட்ரியில் மூச்சும் காலும்தான் பெரும்பாதி. பல தடங்களில் ஆபத்தான இறக்கத்துக்குப் பக்கத்திலேயே சுற்றிப் போகும் சுலப வழியும் இருக்கும். நம் ஆட்கள் அதை 'சிக்கன் லைன்' என்று கிண்டல் செய்வார்கள். ஒரு சுற்றுக்குச் சில விநாடி போகும். அடுத்த வருடம் ஒரு கிராஸ் கன்ட்ரி ரேஸில், ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சுலப வழியிலேயே போய் முடித்துப் பாருங்கள். எத்தனையாவது இடம் வந்தாலும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தீர்கள் என்றால் தொடருங்கள். இரண்டாவது சுற்றிலேயே மானம் போகிறது என்று பெரிய இறக்கத்தில் இறங்கிவிட்டீர்கள் என்றால், ரேஸை விடும் நேரம் வந்துவிட்டது.

விட்டால் ஞாயிற்றுக்கிழமை என்ன ஆகும் என்று கேட்பீர்கள். மோசமாகத்தான் இருக்கும். நான் ரேஸை நிறுத்திய பிறகு ஆறு மாதம் வாட்ஸ்அப் குரூப்பை மியூட்டில் போட்டிருந்தேன். அப்புறம் ஒரு நண்பர் கையில் கொடியைக் கொடுத்து ஒரு வளைவில் மார்ஷலாக நிறுத்தினார். அன்று என் கண் முன்னே நான்கு பேர் விழுந்தார்கள், நான்கும் கடைசிச் சுற்றில். அது அந்தத் தடத்தின் கஷ்டமான வளைவுகூட இல்லை. கை சோர்ந்து, இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று தலை சொல்லும் இடம் அது. ஓட்டிய காலத்தில் ஒருமுறைகூட எனக்கு அது தெரியவில்லை.

சின்ன விஷயங்கள் இரண்டு. இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படியுங்கள். நம் ஊர் மருத்துவக் காப்பீட்டில் சாகச விளையாட்டில் 'தொழில்முறையாக' ஈடுபட்டு வரும் காயத்துக்குப் பணம் கிடையாது என்ற விலக்கு வழக்கமாக இருக்கும். பரிசுப் பணம் வாங்குகிறவர் என்றால் உங்களை எந்தப் பக்கத்தில் வைப்பார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விபத்துக் காப்பீடு தனியாக இருந்தால் அதில் 'ரேஸ்' என்ற வார்த்தை எங்கே வருகிறது என்றும் பாருங்கள்.

அடுத்தது, கல் பாதையில் விழுந்தபோது போட்டிருந்த ஹெல்மெட். அது இன்னும் ஆணியில் தொங்குகிறதா? உள்ளே இருக்கும் தெர்மோகோல் மாதிரியான நுரை ஒரே ஒரு பெரிய அடிக்குத்தான். வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே நசுங்கியிருக்கும். அதைத் தூக்கிப் போடுங்கள், ஆனால் டாக்டரிடம் காட்டிய பிறகு போடுங்கள். அடி எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியட்டும்.

டாக்டரிடம் போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றவர் இதற்கு வருவார். விழுந்த அன்று சாயங்காலம் நீங்கள் ஒரே கேள்வியை எத்தனை தடவை கேட்டீர்கள், எப்போது தூங்கினீர்கள், சாப்பிட்டீர்களா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.