கானோ தன்யூ: ஷோகுனின் ஓவியரைப் பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்

கே: தன்யூ ஜப்பான் சக்கரவர்த்தியின் அரசவை ஓவியர்தானே?

இல்லை. சக்கரவர்த்தி இருந்தது கியோட்டோவில். அங்கே அரசவை ஓவியர் பதவி தோசா குடும்பத்துக்குரியது. கைவிட்டுப் போயிருந்த அதை 1654-ல் தோசா மிட்சுவோகி மீட்டார். தன்யூ, எடோவில் (இன்றைய டோக்கியோ) ஆண்ட தோகுகாவா ஷோகுனின் ஆள். ஷோகுன் என்றால் நாட்டை உண்மையில் ஆண்ட படைத்தலைவர். 1602-ல் கியோட்டோவில் பிறந்தவர், 1617-ல் பதினைந்து வயதிலேயே ஷோகுனின் அதிகாரபூர்வ ஓவியர் ஆனார். நான்கு வருடம் கழித்து எடோவில் கஜிபாஷி பக்கம் மனை கொடுத்தார்கள். கானோ ஓவியக் குடும்பத்தில் அவர் கிளைக்கு அந்த இடத்தின் பெயரே நிலைத்தது.

கே: படத்தில் மொட்டைத் தலையோடு இருக்கிறாரே, துறவியா?

துறவி இல்லை. ஆனால் மருத்துவர்கள், ஓவியர்களுக்குப் பௌத்தத் துறவிகளின் பட்டங்களைக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. தன்யூ 1638-ல் ஹோகென், 1662-ல் அதற்கும் மேலான ஹோயின் பட்டம் பெற்றார்.

கே: எங்கள் வீட்டில் ஒரு சுருள் ஓவியம் இருக்கிறது. கீழே தன்யூ என்று கையெழுத்து. அசலா?

புகைப்படத்தைப் பார்த்து நான் சொல்ல மாட்டேன். கையெழுத்தை மட்டும் நம்பாதீர்கள். அவர் பெயரில் போலிகள் ஏராளம்.

கே: நகல் எடுத்தே பழகிய பள்ளி கானோ பள்ளி. அது கற்பனையைக் கொன்றுவிட்டது என்று நான் மாணவர்களுக்குச் சொல்கிறேன். சரிதானே? (ஓவிய ஆசிரியர்)

பாதிதான் சரி, ஐயா. கானோ பள்ளி என்பது அந்தக் குடும்பம் தலைமுறையாக நடத்திய ஓவிய மரபு. மாதிரிப் படங்களைத் திரும்பத் திரும்பப் படியெடுத்துத்தான் அங்கே கை பழகியது. தன்யூவின் தம்பி யசுனோபு 1680-ல் எழுதிய நூலில், பிறவித் திறமையால் வரைவதைவிடக் கற்று வரைவதையே உயர்த்திப் பேசுகிறார். கற்றதைத்தான் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க முடியும் என்பது அவர் வாதம். பிற்காலத்தில் அது இறுகிப்போனது உண்மை. ஆனால் தன்யூவுக்கு நகல் என்பது பார்க்கும் முறை. பழைய ஓவியங்களை மதிப்பிடச் சொல்லி அவரிடம் கொண்டுவருவார்கள். திருப்பிக் கொடுக்குமுன் சின்னதாகப் படியெடுத்துக்கொள்வார். அப்படி ஒரு தாளைப் பாருங்கள்: விறுவிறுவென்று இழுத்த கோட்டில் ஒரு பறவை, பக்கத்தில் தேதி, கொண்டுவந்தவர் பெயர், அசலா இல்லையா என்ற அவர் முடிவு. மூல ஓவியம் அழிந்து, இந்தக் குறிப்பு மட்டும் மிஞ்சியவையும் உண்டு.

கே: அது ஆவணம், கலை இல்லையே? (அதே ஆசிரியர்)

சரி, கலைக்கே வருகிறேன். தன்யூவின் தாத்தா எய்டோகு ஒரு மரத்தை வரைந்தால் அது திரை முழுக்கக் கிளை பரப்பும். தன்யூ கியோட்டோவின் டைடோகுஜி மடத்துக் கதவுகளில் மையால் மலைகளைத் தீட்டினார். அங்கே வெறும் தாளே மூடுபனியாகவும் தண்ணீராகவும் நிற்கிறது. தாத்தாவைப் படியெடுத்துப் பழகிய கைதான் எதை விடலாம் என்றும் கற்றது. இதை உங்கள் மாணவர்களுக்கும் சொல்லுங்கள்.

கே: அண்ணா, ஜப்பானில் புலியே கிடையாதே, எப்படி வரைந்தார்கள்? (கல்லூரி மாணவி)

நல்ல கேள்வி, தங்கச்சி. இறக்குமதியான தோலையும் சீன, கொரிய ஓவியங்களையும் வைத்துத்தான். கியோட்டோவில் ஷோகுனின் நிஜோ கோட்டை அரண்மனையில் புலிகளுக்கு நடுவே சிறுத்தைகளும் இருக்கும். சிறுத்தையைப் பெண்புலி என்று நினைத்தார்கள்! 1626-ல் சக்கரவர்த்தியின் வருகைக்காக அந்த அரண்மனைக்கு ஓவியம் தீட்டிய குழுவுக்குத் தலைவர் தன்யூ. அப்போது இருபத்து நான்கு வயது. ஆனால் ஒவ்வொரு புலியும் அவர் கையால் வந்ததல்ல. பட்டறையே சேர்ந்து வரைந்தது.

கே: அவர்தானே கானோ குடும்பத் தலைவர்?

இல்லை. 1623-ல் தலைமைக் குடும்பத்தில் வாரிசு இல்லாமல் போனபோது யசுனோபு அந்த இடத்துக்கு வந்தார். தன்யூவுக்கு அதற்குள் எடோவில் தனி வீடு.

கே: ஹொகுசாயைப் பற்றியும் சொல்லுங்களேன்?

அது மர அச்சுப் படங்களின் உலகம், என் துறை இல்லை. அச்சுப் படங்களில் ஊறியவர்களைக் கேளுங்கள்.

கே: என் சுருளில் வயதும் எழுதியிருக்கிறது. அப்படியானால் அசல்தானே?

மேலே சொன்னதுதான். முதுமையில் அவர் கையெழுத்தோடு வயதைச் சேர்த்தது உண்மை. போலி செய்தவர்களுக்கும் அது தெரியும்.

கே: இன்னொரு சுருள், படம் அனுப்பட்டுமா?

வேண்டாம். அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.

கே: கியோட்டோ போகிறேன். நிஜோ கோட்டையில் அசலைப் பார்க்க முடியுமா?

முடியும். அரண்மனை அறைகளில் பல இடங்களில் இப்போது நகல்தான் இருக்கிறது. அசல் கதவு ஓவியங்களை வளாகத்திலேயே உள்ள காட்சிக்கூடத்தில் முறை வைத்துக் காட்டுகிறார்கள். அது எந்த நாட்களில் திறந்திருக்கும் என்று பார்த்துவிட்டுப் போங்கள்.