மனைவியை லாரியில் அழைத்துப் போனால் மாதம் 18,000 மிச்சமாகுமா?

கேள்வி: ஐயா, சங்ககிரியில் சொந்தமாக ஒரு பத்துச் சக்கர லாரி வைத்து நானே ஓட்டுகிறேன். வயது 44. சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி மகாராஷ்டிராவில் இறக்குவேன். திரும்பும்போது நாசிக் பக்கம் வெங்காய லோடு. மாதத்தில் 24 நாள் சாலையில்தான். மகள் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். பத்தாம் வகுப்பு படிக்கும் மகனை என் அம்மா பார்த்துக்கொள்கிறார். போன மாதம் கிளீனர் நின்றுவிட்டான். "தையலை விட்டுவிட்டு நானே வருகிறேன், சமைத்தும் போடுகிறேன்" என்கிறாள் மனைவி. கிளீனருக்குச் சம்பளம் 12,000 ரூபாய், நாளுக்கு 200 ரூபாய் பேட்டா. எனக்கு ஹோட்டல் சாப்பாடு நாளுக்கு 300 ரூபாய். நாங்களே சமைத்தால் இருவருக்கும் சேர்த்து 250 போதும். மாதம் 18,000 மிச்சம். லாரிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது. கடன் இன்னும் 14 லட்சம் பாக்கி. அழைத்துப் போகலாமா? அவளைச் சம்பளக் கணக்கில் காட்டினால் வரி குறையுமா?

பதில்: உங்கள் கூட்டல் சரி. ஆனால் கழிக்க வேண்டியதைக் கழிக்கவில்லை. கிளீனர் வெறுமனே பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர் அல்ல. ஜவ்வரிசி மூட்டைக்கு மேல் தார்பாய் விரித்து, கயிற்றை இழுத்து முடிச்சுப் போடுகிறவர் அவர். மழை பிடித்தால் நடு இரவிலும் மேலே ஏற வேண்டும். பஞ்சரானால் ஜாக்கி வைக்க வேண்டும், பின்னோக்கி எடுக்கும்போது இறங்கி நின்று குரல் கொடுக்க வேண்டும், நீங்கள் தூங்கும்போது டீசல் டேங்கின் மீது ஒரு கண் வைக்க வேண்டும். உங்கள் மனைவி இவற்றில் பாதியைச் செய்யக்கூடும். மீதிக்கு லோடு ஏற்றும் இடத்தில் ஆள் பிடித்துக் கூலி கொடுப்பீர்கள். அவருடைய தையல் வருமானமும் நின்றுபோகும். அது எவ்வளவு என்று நீங்கள் எழுதவே இல்லை. வீட்டுப் பெண்கள் சம்பாதிப்பது இப்படித்தான் கணக்கில் விழுவதில்லை. இரண்டுக்கும் சேர்த்து 8,000 என்று வைத்துக்கொண்டால் கையில் நிற்பது 10,000.

அதுவும் நல்ல தொகைதான். ஆனால் அந்தப் பத்தாயிரத்துக்காக நீங்கள் எதைப் பணயம் வைக்கிறீர்கள் என்று பாருங்கள்.

"ஃபுல் இன்சூரன்ஸ்" என்ற சொல்லை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். லாரி என்பது சரக்கு வாகனம். 1994-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, சரக்கின் உரிமையாளரும் அவர் அனுப்பும் பிரதிநிதியும் வண்டியில் வந்தால் அவர்களுக்கும் காப்பீடு உண்டு என்று சேர்த்தார்கள். சும்மா ஏறி வருகிறவரை அதில் சேர்க்கவில்லை. சரக்கு வாகனத்தில் இலவசமாக வந்த பயணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004-இல் பல்ஜித் கவுர் வழக்கில், திருத்தத்துக்குப் பிறகும் அதே நிலைதான் என்றது. அந்த வழக்கில் கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று உத்தரவிட்டது. உங்கள் லாரியின் உரிமையாளர் யார்? நீங்கள்தான். ஓட்டுநரும் நீங்கள்தான். மனைவிக்கு ஏதேனும் நேர்ந்து, தவறு உங்கள் பக்கம் என்றால், பிள்ளைகள் நஷ்டஈடு கேட்க வேண்டியது அப்பாவிடம்.

இதில் ஒரு கசப்பான வேடிக்கையும் உண்டு. உரிமையாளர் சரக்கு வண்டியில் அனுமதிக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார் என்பதற்காக வண்டிச் சேதத்துக்கான இழப்பீட்டை மறுக்க முடியாது, விபத்துக்கு அவர்கள் காரணமல்லவே என்று 1996-இல் நாகராஜு வழக்கில் இதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. லாரிக்குப் பணம் வந்துவிடலாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு வராது. எதிரே வந்த வண்டியின் மீது தவறு இருந்தால் மட்டும் கதை வேறு. அந்த வண்டியின் காப்பீட்டில் உங்கள் மனைவி மூன்றாம் நபர், தாராளமாகக் கேட்கலாம்.

அவரையே கிளீனர் என்று எழுதிவிட்டால் என்ன என்று தோன்றும். சம்பளம் வாங்கும் கிளீனருக்குக் கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டிப் பொறுப்புக் காப்பீடு (நீங்கள் தர வேண்டிய இழப்பீட்டைக் கம்பெனி ஏற்பது) எடுக்கலாம் என்பது உண்மை. ஆனால் அவர் உண்மையாகவே அந்த வேலையைச் செய்ய வேண்டும். மாதாமாதம் சம்பளம் வங்கி வழியாகப் போக வேண்டும். விபத்துக்குப் பிறகு காட்டும் சம்பளச் சீட்டைக் கம்பெனி வக்கீல் இரண்டே கேள்வியில் கிழித்துவிடுவார். அதைவிட, கட்டணம் செலுத்தாத பயணிக்கான பொறுப்பைச் சேர்த்துத் தர முடியுமா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். சேர்த்தால் அது பாலிசித் தாளில் அச்சாகி வர வேண்டும். "போட்டாச்சு அண்ணா" என்ற ஏஜென்ட் வாக்கு செல்லாது.

எப்படியானாலும் மனைவி பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுங்கள். தவறு யாருடையது என்று பார்க்காமல் பணம் தருவது அதுதான். விண்ணப்பத்தில் இல்லத்தரசி என்று மட்டும் எழுதாமல், சரக்கு லாரியில் தொடர்ந்து பயணம் செய்கிறார் என்பதையும் எழுதுங்கள். பிரீமியம் சற்று ஏறினாலும் பரவாயில்லை. கூடவே வங்கிக் கணக்கு வழியாகப் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் இருவரும் சேர்ந்துவிடுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு 2 லட்சம். நீங்கள் லாரியோடு எடுத்திருக்க வேண்டிய உரிமையாளர்-ஓட்டுநர் காப்பீடு 15 லட்சம்; அது உங்களுக்கு மட்டும்தான், மனைவிக்கு அல்ல.

இவை எல்லாவற்றையும் விட என்னை உறுத்துவது வேறு. இதுவரை நீங்கள் சாலையில், அவர் வீட்டில். இனி இருவரும் ஒரே கேபினில். உங்கள் பாலிசிகளில் நாமினி யார் என்று எடுத்துப் பாருங்கள். உங்களுடையதில் மனைவி, அவருடையதில் நீங்கள் என்று இருந்தால், இருவருக்கும் ஒரே நாளில் ஏதாவது ஆனால் அந்தப் பெயர்களால் பயனில்லை. பத்தாம் வகுப்புப் பையனும் பாட்டியும் வாரிசுச் சான்றிதழுக்காக அலைய வேண்டியிருக்கும். மகளுக்கு 18 முடிந்திருந்தால் இருவர் பாலிசியிலும் அவளையும் நாமினியாகச் சேருங்கள். பையன் மைனர் என்பதால், அவன் சார்பில் பணம் பெற நம்பகமான ஒருவரை நியமிக்க வேண்டும். உங்கள் அம்மாவின் வயதை நினைத்தால், தாய்மாமனோ சித்தப்பாவோ பொருத்தம். உங்கள் பெயரில் டேர்ம் பாலிசி (மரணம் நேர்ந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) இல்லையென்றால் முதல் வேலை அதுதான். 14 லட்சம் கடனும் இரண்டு பிள்ளைகளின் படிப்பும் இருக்கையில் 50 லட்சத்துக்குக் குறைந்து எடுக்காதீர்கள். தொழில் லாரி ஓட்டுநர் என்று உள்ளபடி எழுதுங்கள்.

வரியில் பெரிதாக எதுவும் இல்லை. டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று வைத்துக்கொள்ளும் அனுமானக் கணக்கில் நீங்கள் வரி காட்டினால், மனைவி சம்பளத்தைத் தனியாகக் கழிக்க இடமே இல்லை. சரக்கோடு சேர்த்து 28.5 டன் எடை அனுமதி உள்ள லாரிக்கு ஆண்டு வருமானம் சுமார் 3.42 லட்சம் என்று வரும். வேறு வருமானம் இல்லையென்றால் புதிய வருமான வரி முறையில் வரியே வராது. இல்லாத வரியைக் குறைக்க எதற்குச் சம்பளக் கணக்கு?

ஆக, அழைத்துப் போங்கள், ஆனால் தாள்கள் கைக்கு வந்த பிறகு. முதல் ஓர் ஆண்டுக்கு அந்தப் பத்தாயிரத்தை மிச்சம் என்று எண்ணாமல் பிரீமியத்துக்கு ஒதுக்குங்கள். சமையல் கீழே இறங்கித்தான், கேபினுக்குள் அடுப்புப் பற்ற வைக்க வேண்டாம். பையனுக்குப் பொதுத்தேர்வு முடியும் வரை நீண்ட நடைகளைத் தவிர்த்து, விடுமுறையில் ஓரிரு நடை சேர்ந்து போய்ப் பாருங்கள். அதற்குள் ஆர்.சி. புத்தகத்தில் ஓட்டுநரையும் சேர்த்து எத்தனை இருக்கை என்று போட்டிருக்கிறது என்பதைப் பார்த்து எழுதுங்கள். இரண்டு என்றிருந்தால், புதிய கிளீனரும் உங்கள் மனைவியும் ஒரே நடையில் வர முடியாது.