இளைஞர் மன்றம், வசூல், கணக்கு: கேள்விகளும் பதில்களும்

கஜா புயலுக்குப் பிறகு டெல்டா பக்கம் இளைஞர் குழுக்களுக்குப் பதிவு வேலை, கணக்கு வேலை பார்த்துக் கொடுத்து வருகிறேன். அதைப் பற்றி மட்டும் கேளுங்கள். அரசியல் வேண்டாம்.

பட்டுக்கோட்டை, வயது 22: பன்னிரண்டு பேர் சேர்ந்து குரூப் ஆரம்பிச்சிருக்கோம் அக்கா. டிரஸ்ட் நல்லதா, சங்கம் நல்லதா?

சங்கம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி ஏழு பேர் இருந்தால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். டிரஸ்ட் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சட்டென்று முடிந்துவிடும், அதனால்தான் எல்லோரும் அதற்கு ஓடுகிறார்கள். ஆனால் நான் பார்த்த பத்திரங்களில் பாதிக்கு மேல் மொத்தப் பிடியையும் நிறுவனர் கையில் கொடுத்து எழுதியவை. நாளைக்கு மனஸ்தாபம் வந்தால் மற்ற பதினோரு பேரும் வாசலில் நிற்க வேண்டியதுதான். சங்கத்தில் பொதுக்குழு கூட்டணும், கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் பண்ணணும். அலைச்சல்தான். ஆனால் சண்டை வருகிற அன்றைக்கு அந்தக் காகிதம்தான் பேசும்.

பதிவு முடிகிற வரைக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். யாருடைய சொந்த ஜிபே நம்பரிலும் வசூல் பண்ணாதீர்கள். உறவினர் அல்லாதவர்கள் சும்மா கொடுத்த பணம் ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும் இல்லை, முழுத் தொகைக்கும் அந்தத் தம்பி பெயரில் வரி கேட்பார்கள்.

திருச்சி, கல்லூரி மாணவி: என்.எஸ்.எஸ். சர்டிஃபிகேட்டுக்கு எவ்வளவு நேரம் வேலை செய்யணும்?

இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், கூடவே ஏழு நாள் சிறப்பு முகாம். மற்றதை உங்கள் கல்லூரித் திட்ட அலுவலரிடம் கேளுங்கள்.

கும்பகோணம், பிளஸ் ஒன்: நாங்களே டிரஸ்ட் ஆரம்பிக்கலாமா?

பதினெட்டு ஆகட்டும் கண்ணு. அதுவரை பள்ளியில் ஜே.ஆர்.சி. (ஜூனியர் ரெட் கிராஸ்) இருக்கும், என்.எஸ்.எஸ். இருக்கும், தலைமை ஆசிரியரைப் பாருங்கள். உண்டியல் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டாம். அம்மா நம்பருக்குப் பணம் போடச் சொல்வதும் வேண்டாம்.

அறந்தாங்கி: எங்க ஊர்க் கண்மாய தூர் வாரலாம்னு இருக்கோம். எங்கேர்ந்து தொடங்குறது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் கண்மாய் யாருடையது என்று பாருங்கள். பாசனப் பரப்பு 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத்துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். அவர்களுடைய எழுத்துபூர்வ அனுமதி கையில் இல்லாமல் ஒரு கூடை மண்ணைக்கூடத் தொடாதீர்கள். வாரிய வண்டலை விவசாயிகள் வயலுக்குக் கொண்டுபோக 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார். அது தனி மனு. அந்தச் சீட்டு இல்லாமல் டிராக்டர் வெளியே போனால் மண் கடத்தல் கேஸ் உங்கள் தலையில் விழும்.

அடுத்தது வரத்து வாய்க்கால். எல்லோரும் கண்மாய்க்குள்ளே ஜேசிபியை இறக்கிப் போட்டோ எடுத்துவிடுகிறார்கள். வாய்க்கால் புதர் மண்டிக் கிடந்தால் நீங்கள் வெட்டியது வெறும் பள்ளம். வாய்க்கால், மடை, உபரி நீர் வெளியேறுகிற கலுங்கு மூன்றையும் நடந்து பார்த்துவிட்டு அப்புறம் உள்ளே இறங்குங்கள். கரை ஓரமாகத் தோண்டாதீர்கள், அடி பலவீனமாகி முதல் பெருமழைக்கே கரை உடையும். எவ்வளவு தள்ளி வெட்டணும் என்பதை இன்ஜினியர் வந்து குறித்துக் கொடுக்கட்டும். சீமைக்கருவேலத்தை வெட்டிவிட்டால் போதாது, மறுபடி துளிர்க்கும். தூரோடு பிடுங்கணும்.

இப்போது கணக்கு. ஹிட்டாச்சி வண்டியில் மணி காட்டுகிற மீட்டர் இருக்கும். காலையில் வண்டி எடுக்கும்போது ஒரு போட்டோ, நிறுத்தும்போது ஒரு போட்டோ. டீசல் பில், ஆபரேட்டர் பேட்டா, டீ வடை வரைக்கும் அன்றைக்கே நோட்டில் ஏறணும். ராத்திரி அந்தப் பக்கத்தை வாட்ஸ்ஆப்பில் போட்டுவிடுங்கள். இருநூறு ரூபாய் கொடுத்தவரும் பார்க்கட்டும்.

மதுரை: எல்லாம் சரி மேடம். கண்மாய் தூர் வாருறது கவர்மெண்ட் வேலை. நம்ம வரிப்பணத்துல செய்ய வேண்டியத பசங்க ஓசியில செஞ்சு குடுக்குறாங்க. அதே கண்மாய்க்கு எவனாவது பில் போட்டு எடுத்துருவான்.

பேராவூரணி: அப்ப சும்மா உக்காந்திருக்கச் சொல்றீங்களா? எங்க பெரியகுளம் 564 ஏக்கர். கஜாவுக்கு அப்புறம் 2019-ல பசங்கதான் இறங்கி வேலை பாத்தாங்க. ஆபீசர் வருவார்னு காத்திருந்தா இன்னும் காஞ்சுதான் கிடக்கும்.

மதுரை: சும்மா இருக்கச் சொல்லல தம்பி. கேள்வி கேக்கச் சொல்றேன். நீங்க செஞ்சு குடுக்க குடுக்க அவங்களுக்குப் பொறுப்பே விட்டுப்போகும்.

மன்னார்குடி: ரெண்டு பேரும் சண்டை போடுற நேரத்துல ஒரு வாய்க்கால வெட்டிரலாம்.

அரசியல் வேண்டாம் என்றேன், கேட்டால்தானே! ஆனால் மதுரைக்காரர் சொல்கிற பில் விஷயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். இளைஞர்கள் முடித்த வேலைக்கு வேறொருவர் கணக்கு எழுதுகிற ஆபத்து உண்மையானது. அதனால் வேலை தொடங்கும் முன்பே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஒரு மனுப் போடுங்கள். இந்தக் கண்மாய்க்குக் கடந்த ஐந்து வருடத்தில் எந்தத் திட்டத்தில் எவ்வளவு ஒதுக்கினீர்கள், மதிப்பீட்டு நகல் எங்கே என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தரவேண்டும். வேலைக்கு ஏற்கெனவே பணம் ஒதுக்கியிருந்தால் நீங்கள் இறங்க வேண்டாம், அந்த வேலையை ஒழுங்காகச் செய்ய வையுங்கள். ஒதுக்கவில்லை என்றால் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். இப்போது வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது, அடுத்தது எப்போது என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். பிறகு கரையில் போர்டு வையுங்கள்: யார் செய்தது, எந்தத் தேதி, யார் பணம். அதற்கு மேல் எவரும் பில் போடத் தயங்குவார்.

பேராவூரணித் தம்பிக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பக்கம் அது நடந்ததற்குக் காரணம் பசங்களின் வேகம் மட்டும் இல்லை, விவசாயிகளும் கூட நின்றார்கள். பாசனக்காரர்களைச் சேர்க்காமல் டவுனிலிருந்து வந்து தூர் வாரிவிட்டுப் போனால் மடையைத் திறந்து மூடக்கூட ஆள் இருக்காது.

மதுரை: மனுவுக்குப் பதிலே வரலேன்னா?

மேல்முறையீடு. அதை இத்தோடு விட்டுவிடுகிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

தஞ்சாவூர்: சிங்கப்பூர்ல இருக்க மாமா பணம் அனுப்புறேன்றார். வாங்கலாமா?

மாமா கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்? இந்தியப் பாஸ்போர்ட் என்றால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகச் சங்கக் கணக்குக்கு அனுப்பலாம். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் அது வெளிநாட்டு நிதி, ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருந்தாலும்தான். எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு, அதாவது வெளிநாட்டு நிதி வாங்க மத்திய அரசு தருகிற பதிவு, இல்லாமல் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது. அந்தப் பதிவுக்குச் சங்கம் மூன்று வருடம் இயங்கியிருக்கணும், அதில் 15 லட்சம் ரூபாய் செலவும் காட்டணும். புதுக் குழுவுக்கு அது எட்டாது. உங்கள் அக்கவுண்டில் வாங்கி மாற்றிக் கொடுக்கலாமே என்ற யோசனை வரும். வேண்டாம்.

நாகப்பட்டினம்: வெள்ள நிவாரணத்துக்கு பழைய துணி சேகரிக்கிறோம்...

நிறுத்துங்கள். 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் பழைய துணி மூட்டை மூட்டையாக ரோட்டில் நனைந்து கிடந்தது. அங்கே ஆள் தேடியது தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி, மரம் அறுக்கும் மெஷின். கரண்ட் வராத ஊர்களில் ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக டேங்குக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்த பசங்கள்தான் உண்மையில் உதவினார்கள். கிளம்பும் முன் அந்த ஊர் ஆள் ஒருவரிடம் போனில் பேசுங்கள்.

கரூர்: 80ஜி இருந்தா நிறைய பணம் வருமாமே?

ஓரளவுக்கு. நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரியில் கழிவு தருகிற பிரிவு அது. 2026 ஏப்ரலிலிருந்து புது வருமான வரிச் சட்டம், பிரிவு எண் வேறு, பழகிய பெயரிலேயே சொல்கிறேன். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு இல்லை, பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. புதிய வரி முறையில் இருப்பவருக்கு எதுவுமே இல்லை.

சேலம்: டிரஸ்ட்டா சங்கமா அக்கா?

மேலே முதல் பதில்.

ஈரோடு: சர்டிஃபிகேட் குடுப்பீங்களா?

மாட்டேன்.

விழுப்புரம்: ரத்தத்தானம் எத்தனை மாசத்துக்கு ஒருதடவை?

ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி. எடை 45 கிலோவாவது இருக்கணும். மீதியை ரத்த வங்கியில் கேளுங்கள், நான் கணக்குப் பார்க்கிறவள்.

கடலூர்: ஒரு குழந்தை ஆபரேஷனுக்கு அவசரம். பதிவெல்லாம் பண்ண நேரமில்ல. இப்போதைக்கு என் நம்பர்லயே...

வேண்டாம். அவசரம் என்றால் ஆஸ்பத்திரி பில் பிரிவின் கணக்கு எண்ணைக் கேட்டு வாங்கி, குழந்தையின் நோயாளி எண்ணைப் போட்டு நேராக அங்கேயே கட்டச் சொல்லுங்கள். அதற்கு முன் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அந்த வீட்டில் இருக்கிறதா, அந்த ஆபரேஷன் அதில் வருமா என்று ஆஸ்பத்திரியில் இருக்கும் காப்பீட்டு கவுண்டரில் விசாரியுங்கள். விசாரித்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், பார்க்கிறேன்.